பெண் பக்கத்துக் கேமரா

“அந்தக் கேமராவ எடுத்து வெளிய வை எண்டு எத்தின தரம்—”

“நீங்க கத்தக் கத்த நான் உள்ளுக்குத்தான் வைப்பன், மச்சான். கத்துங்க.”

“நான் கத்தல்ல. ஏஜென்ட் செல்லினதத்தான்—”

“ஏஜென்ட் கேமராவப் பத்தி வாயே தொறக்கல்ல. உடுப்பக் கொறச்சிக் கொண்டு வாங்க எண்டான். கொறச்சித்தானே இரிக்கன்?”

“உடுப்பக் கொறச்சிப்போட்டு அந்த இடத்துல கேமராவ வைக்கச் செல்லியா செல்லினான்?”

“மெல்லப் பேசுங்க!”

“நீ முதல்ல மெல்லப் பேசு!”

இரண்டு பேரும் ஒன்றாக வாயை மூடினார்கள். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. நிஸ்மியாவின் உம்மா ஸைனம்பு காது கொடுக்கிறாள் என்று அர்த்தம். துருவல் மறுபடியும் தொடங்கும்வரை நிஸ்மியாவின் கணவன் அஸ்கர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். ஆற்றுப் பக்கமிருந்து கச்சான் காற்று சூடாக அடித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தாலும் காத்தான்குடியில் அதற்கு ஆறு என்றுதான் பேர். கரையில் இழுத்துப் போட்டிருந்த தோணி ஒன்றின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது.

கட்டிலின் ஒரு பாதியில் நீலச் சூட்கேஸ் வாயைத் திறந்து கிடந்தது. மறு பாதியில் நிஸ்மியா வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். கேமரா. பெண்ணின் முகத்துக்கென்று வைத்திருந்த சின்ன லென்ஸ். சபையை எடுக்கிற நீட்டு லென்ஸ். ஃபிளாஷ், அதன் தலைக்கு மாட்டுகிற வெள்ளைத் தொப்பி, இரண்டு பற்றறி, சார்ஜர், காலை மடித்துக் கட்டிய ஸ்டான்ட். மணப்பெண்ணுக்குப் பூட்டுவதற்கு முன் நகைகளைப் பாயில் பரப்பிவைப்பார்களே, அப்படி. ஒவ்வொன்றாக எடுத்துச் சூட்கேஸில் வைப்பாள். அஸ்கர் ஒவ்வொன்றாக எடுத்துத் துவாயில் வைப்பான். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு இதுதான் நடந்துகொண்டிருந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஜிப்ரி வேனைக் கொண்டு வந்துவிடுவான். கொழும்புக்கு வேன், கொழும்பிலிருந்து தோஹாவுக்குப் பிளேன், தோஹாவில் ஒரு வீடு, இரண்டு வருஷம்.

“நான் சவூதியில இரிந்தவன்,” என்றான் அஸ்கர், குரலைத் தணித்து. “ஊட்டு வேலைக்கு வந்த பொம்புளட பேக்குல கேமரா இரிந்தா அந்த ஊட்டுக்காரி என்ன நினைப்பா? அவட குமருகளப் படம் புடிச்சி விக்கப் போறா எண்டு நினைப்பா. அதுவும் கைப்புள்ள இரிக்கிற ஊடு. ஒரு சாமான் காணாமப் போனாலே பொலிசு. கேமரா எண்டா?”

“ஜெமீலா செல்லுறா, அங்கயும் கலியாணத்துல பெண் பக்கத்துக்குப் பொம்புளதான் படம் எடுக்கிறயாம். ஆளில்லாமத் திரியிறாங்களாம்.”

“ஜெமீலா தோஹாவுல தையல் கடையில நிக்கிறா. வெள்ளிக்கிழம வெளிய போவா. நீ ஊட்டுக்குள்ள. உன்னப் படம் எடுக்கவா கூப்பிட்ட? ஊடு கூட்டக் கூப்பிட்ட.”

சொன்ன பிறகு அவனுக்கே மனம் குறுகியது. அவள் ஸ்டான்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இந்தாங்க. இது நிக்கட்டும். இத ஏன் வைச்ச தெரியுமா? மேடம்ட உடுப்புக் காயப் போடலாமே எண்டுதான்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஸ்டான்டை அலுமாரிக்குப் பின்னால் சாத்திவைத்தான்.

போகவேண்டியவன் அவன்தான். ஆனால் சவூதியில் கபீல் என்கிற பொறுப்பு முதலாளியுடன் பிரச்சினைப்பட்டு, ஊருக்குத் திருப்பி அனுப்புகிற அவுட்பாஸில் கை ரேகை வைத்துவிட்டு வந்தவனுக்கு அந்தப் பக்கத்து வாசல்கள் எல்லாம் அடைத்துவிட்டன. இங்கே ஆட்டோ ஓடினான். வீட்டின் நல்ல வரும்படி நிஸ்மியாவின் கேமராவில்தான் இருந்தது. ஆண் பக்கத்தை யாரும் எடுக்கலாம். பெண் பக்கம் அப்படியல்ல. பெண்கள் முக்காடு இல்லாமல், தலையில் பூவோடு, மனம்விட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிற இடம். நிஸ்மியா போகிற வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. செருப்பைக் கழற்றியதும் அந்த வீட்டின் மூத்த பெண் ஒருத்தியிடம் கேமராவின் பின் திரையைக் காட்டவேண்டும்: உள்ளே எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் படங்களை அந்த வீட்டுக் கணினியிலேயே இறக்கிக் கொடுத்து, அவர்கள் கண்முன்னே மெமரி காட்டை அழித்து, வெறும் திரையை இன்னொரு தரம் காட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். நிஸ்மியாவை விட நன்றாகப் படம் எடுக்கிற பெண்கள் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இருந்தார்கள். அந்த வெறும் திரைக்காகத்தான் இவளைக் கூப்பிட்டார்கள்.

“ஃபிளாஷையும் எடுக்கவா?” என்றாள்.

“எடு.”

“இருட்டுல என்னத்த எடுக்கிற?”

“எடுக்காத. ஆரு உன்ன எடுக்கச் செல்லின?”

ஃபிளாஷும் அதன் வெள்ளைத் தொப்பியும் துவாய்க்குத் திரும்பின. அந்த நேரம் பார்த்து ஸைனம்பு உள்ளே வந்தாள். ஒரு கையில் மாசிச் சம்பல் போத்தல், மற்றக் கையில் அதைச் சுற்றப் பழைய பத்திரிகை. எழுபது வயதிலும் கதவைத் தட்டுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. வீடு அவள் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. மருமகன் அதற்குள் வந்து குடியிருப்பவன்.

“தள்ளுங்க ரெண்டு பேரும். இது நிமிந்து நிக்கோணும். சரிஞ்சா உடுப்பெல்லாம் எண்ணெய்.” நீட்டு லென்ஸை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “இந்தக் குழாய் என்னத்துக்குடி? இது திண்ண ஏலுமா?”

“உம்மா, அத வையுங்க. உழுந்தா உடையும்.”

“உடைஞ்சா உடையட்டும். இதாலதானே ஊரெல்லாம் நம்மட மானம் போன.” சொல்லிவிட்டு மருமகனைப் பார்த்தாள். “நீங்க என்ன, மகன், வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்த நாட்டுல உறைப்பில்லாமத் திண்டு இவள் மெலிஞ்சி போவாள். கேமராவ எடுத்துப்போட்டுச் சம்பல வைக்கச் செல்லுங்க.”

“அததான் மாமி நானும் செல்லுறன்.”

“நீங்க செல்லி ஆரு கேட்ட இந்த ஊட்டுல,” என்று சொல்லிப் போத்தலைத் துணிகளுக்கு நடுவே குத்தி நிறுத்தி, நீட்டு லென்ஸைக் கட்டிலில் உருட்டிவிட்டுப் போனாள். லென்ஸ் உருண்டு துவாயில் நின்றது. நிஸ்மியா அதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஸைனம்புக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைப் பேச வரும்போதுதான் இந்த அறையில் குரல்கள் தணிந்தன.

கலியாணம் முடித்து வெகு காலம் காத்திருந்து கிடைத்த பிள்ளை, சாலிஹ். பிறந்து நாற்பது நாள் கழிகிற வரைக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று ஸைனம்பு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். வருகிற பெண்களின் கையில் போனைக் கண்டாலே, கண்ணூறு பட்டுவிடும், உள்ளே வையுங்கள் என்பாள். ஒருவரும் எடுக்கவில்லை. நிஸ்மியா எடுத்தாள். ஒரு பகல், உம்மா அயர்ந்து தூங்கின நேரம், பிள்ளையை இந்த யன்னலுக்குக் கீழே கிடத்தி, ஆற்றிலிருந்து வந்த வெளிச்சத்தில், பெண்ணின் முகத்துக்கென்று வைத்திருக்கும் அந்தச் சின்ன லென்ஸால் எடுத்தாள். அஸ்கர் வாசலில் காவல் நின்றான். இரண்டு பேரும் கள்ளர்களைப்போல வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நாற்பது கழிந்ததும் உம்மாவுக்குக் காட்டலாம் என்று இருந்தார்கள். நாற்பது கழியவில்லை. காய்ச்சல் ஒன்று வந்து, ஆஸ்பத்திரியில் வைத்துப் பிள்ளை போய்விட்டது. படம் எடுத்ததனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாதே. அதனாலேயே நிஸ்மியா அந்த வார்த்தையை மற்றவர்களுக்கும் சேர்த்துத் தானே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அஸ்கருக்குத் தெரியும். கேமரா அலுமாரிக்குள் போனது. அவள் அந்தப் படங்களைத் திறந்து பார்க்கவும் இல்லை, வேறெங்கும் மாற்றி வைக்கவும் இல்லை.

மாதங்கள் கழித்து ஷஸ்னா என்கிற பெண்ணின் கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். போ, வெளிக்கிட்டால் மனது கொஞ்சம் மாறும் என்று அனுப்பியவனும் அஸ்கர்தான். வாசலில் பெண்ணின் பெரியம்மா கேமராவைக் கேட்டிருக்கிறாள். “ஒண்டும் இல்லையே மகள்?” “ஒண்டும் இல்ல மாமி.” வாய் பழக்கத்தில் சொன்னது, விரல் பழக்கத்தில் அழித்தது. வெறும் திரையைப் பெரியம்மாவிடம் காட்டிய பிறகுதான் அதற்குள் இருந்தவன் யார் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அஸ்கர் அவளிடம் சொல்லாமல் அந்த மெமரி காட்டை ஊருக்கு வெளியே ஒரு கணினிக் கடைக்குக் கொண்டு போனான். அழித்ததை எடுத்துத் தருவார்கள் என்று ஆட்டோவில் ஏறின யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரன் மரியாதையான ஆள். கணினித் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. எல்லாம் பெண்கள். ஷஸ்னா பூ வைக்க முன் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, யாரோ சொன்ன பகிடிக்குக் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அஸ்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “காக்கா, அழிச்ச உடன நிப்பாட்டியிருந்தா எடுத்திரிக்கலாம். அதுக்கு மேல எடுத்திட்டாங்க. மேல எடுத்ததுதான் இப்ப வருது. கீழ இரிந்தது இல்ல,” என்றான் கடைக்காரன். எல்லாத்தையும் அழிச்சிப் போடுங்க என்று சொல்லிவிட்டு, அழிக்கிறதைக் கூடப் பார்க்க வெட்கப்பட்டு அஸ்கர் வெளியே வந்து நின்றான். அந்த வெட்கம்தான் அவன் செய்த பிழை. கொஞ்ச நாளில், அந்தக் கடையில் அழிபடாமல் கிடந்த ஷஸ்னாவின் படம் ஊரிலுள்ள போன்கள் எல்லாவற்றுக்கும் போனது. அவளுடைய மாப்பிள்ளை தன் உம்மா வீட்டுக்கென்று போனவன் திரும்பவில்லை. நிஸ்மியாவை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. உலகம் முழுக்கப் பார்த்த என்ட முதல் படம், நல்ல படம் மச்சான், வெளிச்சம் எப்படி உழுந்திரிக்கி பாருங்க என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

கடைக்குப் போனது வெளியில் வந்து, பிள்ளையின் படம் என்னவானது என்று அவள் கேட்டபோது அவன் அன்றைக்கு ஒரு பொய் சொன்னான். “இங்க உள்ள மெசின்ல ஏலாதாம்.” அந்த நேரத்துக்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். அந்தப் பொய் அவளுக்குள்ளே கிடந்து வளர்ந்தது. இங்கே ஏலாது என்றால் வேறெங்கோ ஏலும். எரிந்துபோன போனிலிருந்தே படம் எடுத்துக் கொடுக்கிற கடை தோஹாவில் இருக்கிறது என்று ஜெமீலா சொன்னாள். ஏன் போகிறாய் என்று ஊரார் கேட்டால் கூரை திருத்த, கடன் அடைக்க என்று நிஸ்மியா சொன்னாள். அவனிடம் அப்படி ஒரு தரமும் சொல்லவில்லை.

“இனி என்ன? இது ரெண்டும்தான்,” என்றாள் இப்போது. கேமராவையும் சின்ன லென்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். “இதையும் உட்டுட்டுப் போனா நான் ஆரு மச்சான் அங்க?”

“உயிரோட இரிக்கிற ஆள்.”

“அது போதுமா?”

“எனக்குப் போதும்.”

“உங்களுக்குப் போதும்,” என்று திருப்பிச் சொன்னாள். கேமராவின் கழுத்து வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டாள். கேமராவின் வாய்க்கும் ஒரு மூடி. இரண்டையும் துவாயின் நடுவில் வைத்து, நான்கு மூலையையும் மடித்து மூடினாள். இறந்த உடலைக் கபன் துணியில் சுற்றுகிற கை அது என்று அஸ்கருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“சரி. நீங்க வெண்டிட்டீங்க. சந்தோசமா?”

அவனுக்கு உண்மையிலேயே நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அவள் மடிப்புக்குள் கையை விட்டு, கேமராவின் பக்கத்து மூடியைத் தட்டித் திறந்து, மெமரி காட்டை எடுத்தாள். பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. முக்காட்டு ஊசிகள் வைக்கிற சின்ன டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் அதைக் கிடத்தினாள்.

“இது கேமரா இல்லையே. இத ஆரு புடிக்கப் போறாங்க? ஜெமீலாட கையில குடுத்தா அவள் கடைக்குக் கொண்டு போவாள். நான் வெளிய போகவும் தேவல்ல.”

அஸ்கர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்டான்டுக்கும் ஃபிளாஷுக்கும் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியது இதைப் பேசாமல் இருப்பதற்குத்தான் என்று அவனுக்கு விளங்கியது. விட்டுவிடலாம். அவள் பஞ்சில் வைத்துக் கொண்டு போகட்டும். ஆனால் ஒரு நாள் அந்தக் கடைக்காரனும் இதையேதான் சொல்லுவான். அதற்கு மேல எடுத்தது யார் என்று கேட்பான். ஜெமீலா அதை போனில் அப்படியே சொல்லுவாள். யாரோ ஒருவர் வீட்டுக் குசினியில், யாரோ ஒருவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று இவள் அதைக் கேட்பாள்.

“நிஸ்மியா. அதுல அவன் இல்ல.”

“இங்க உள்ள மெசின்லதானே ஏலா—”

“மெசின்ட குத்தமில்ல. நான் பொய் செல்லினன்.”

அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி பொருந்தவில்லை. மறுபடியும் வைத்து அழுத்தினாள்.

“அழிச்சா உடன போறல்லயாம்,” என்றான். வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தான். “அப்படியே கிடக்குமாம். மேல வேற படம் எடுக்க எடுக்கத்தான்... அந்த இடத்துல இது உழுந்து...”

“ஷஸ்னாட படமா?”

அவன் தலையசைத்தான்.

“எல்லாத்துக்கும் மேலயா? ஒண்டு ரெண்டு மிச்சம் இரிக்காதா?”

“காட் நிறைய எடுத்திரிக்காய் புள்ள.”

குசினியில் உம்மா யாரோ ஆளை ஏசுவதுபோலக் காகத்தை ஏசிக்கொண்டிருந்தாள். நிஸ்மியா யன்னலுக்குக் கீழே இருந்த வெறுந் தரையைப் பார்த்தாள்.

“அண்டைக்கு நான் வழமைய விட நிறைய எடுத்தன்,” என்றாள். “கை நிண்டா அழுதிருவன் எண்டு கிடந்த. கலியாண ஊட்டுல அழப்படாதே. அதான் எடுத்துக்கிட்டே இரிந்தன். சும்மா சும்மா எடுத்தன். சோத்துச் சகன் தட்டக் கூட எடுத்தன் மச்சான்.”

அவன் அவள் பக்கத்தில் உட்காரப் போனான். அவள் எழும்பிவிட்டாள். ஊசி டப்பாவைத் திறந்து, காட்டையும் பஞ்சையும் கட்டிலில் கொட்டி, ஊசிகளை மட்டும் பொறுக்கிப் போட்டு டப்பாவைச் சூட்கேஸில் வைத்தாள். பிறகு மடித்த அபாயாவுக்குள் கைவிட்டு, அவன் பார்க்காத நேரம் ஒளித்துவைத்திருந்த சார்ஜரையும் இரண்டு பற்றறியையும் எடுத்து வெளியே போட்டாள். சம்பல் போத்தல் சாய்ந்தது. நிமிர்த்தினாள்.

“பற்றறிய ஏன்...” என்றான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே துவாய்ப் பொட்டலத்தைத் தூக்கி அவளிடம் நீட்டினான். “நிஸ்மியா, இந்தா. கேமராவக் கொண்டு போ. பொலிசு கிலிசு ஒண்டும் வராது. நான் சும்மா வெருட்டினன். ஜெமீலா கலியாணத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவா. கொண்டு போ புள்ள.”

“என்னத்துக்கு?”

“உனக்கு விருப்பம்தானே.”

“அந்த ஊட்டுக் கைப்புள்ளயப் படம் எடுக்கவா?”

அவன் கை நீட்டினபடியே இருந்தது. அவள் அதைத் தாண்டிக் குனிந்து சூட்கேஸின் சிப்பை இழுத்தாள். ஒரே இழுவையில் மூடியது. அவ்வளவு இடம் இருந்தது அதற்குள்.

ஜிப்ரி ஹோன் அடித்தான். ஸைனம்பு, அல்லாஹ்வே, அஸர் தொழல்லயே இவள் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். வழியில் தொழலாம் உம்மா என்று நிஸ்மியா சொன்னாள். உம்மா மகளின் நெற்றியில் ஓதி ஊதினாள். சம்பல் போத்தல் உள்ளே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று அறிந்ததும்தான் அழத் தொடங்கினாள். அஸ்கர் சூட்கேஸைத் தூக்கினான். சிறு பிள்ளையின் புத்தகப் பை மாதிரிக் கனமில்லாமல் வந்தது. “இவ்வளவுதானா காக்கா? ரெண்டு வருசத்துக்கு?” என்று ஜிப்ரி பின்கதவைத் திறந்தபடி கேட்டான். “மத்த ஆக்கள் அம்மிக் கல்லு வரைக்கும் ஏத்துறாங்க.” அஸ்கர் சூட்கேஸை உள்ளே தள்ளினான். வேனுக்குள் ஏற்கெனவே இரண்டு பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசல் திரை விலகி, மறுபடி மூடியது.

நிஸ்மியா ஏறி யன்னல் ஓரத்தில் இருந்தாள். அஸ்கர் கண்ணாடியில் கை வைத்தான். என்னென்னமோ சொல்ல நினைத்திருந்தான்: போன் எடு, தண்ணி குடி, யாரோடும் வாய் காட்டாதே. ஜிப்ரி எஞ்சினை உறுமவிட்டான். அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். முகத்திரைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன, ஈரம் இல்லாத கண்கள். எதையோ கணக்குப் பார்ப்பவளைப்போல அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள், கன்னத்தை, தாடையை, திரும்பக் கன்னத்தை.

“மச்சான், அவன் நித்திரையில சிரிக்கக்குள்ள இந்தக் கன்னத்துல ஒரு குழி உழும். உழுந்ததுதானே? இல்லாட்டி நானாத்தான் நினைக்கிறனா?”